அரைநிலாச் சூடு

டெல்பர்ட் ஹாக்ஸி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள எங்கள் சேணக்கடைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தோளில் ஒரு தோல்சுருள். கூட யாரும் வரவில்லை, ஆனாலும் பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பதுபோல்தான் அந்த ஆள் எப்போதும் நடப்பான். கதவைக் காலால் தள்ளித் திறந்தான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வில்டா, உன் கைக்கு ஏத்த வேலை கொண்டாந்திருக்கேன். இந்த வயோமிங்ல ஒரு பய பாத்திருக்கக் கூடாது, அப்படி ஒண்ணு."

எட்டு வருடங்களாக நான் அவனிடம் பேசியது "ம்" என்ற ஒன்றைத்தான். அன்றைக்கும் அதையே சொன்னேன்.

பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார் கடை முதலாளி நீல்ஸ். பெரிய பண்ணைக்காரன் எவன் வந்தாலும் அவருக்கு முதுகு தானாக வளையும். நல்ல மனிதர்தான், ஆனால் முதுகு அப்படி.

ஹாக்ஸி சுருளை என் கருங்கல் பலகைமேல் போட்டு விரித்தான். பாதி மாட்டுத் தோல். மயிர் நீக்கி, ஓக் பட்டையில் ஊறவைத்து நிதானமாகப் பதனிட்டது. வெண்ணெய் நிறம். இடுப்புப் பக்கத்தில், என் விரித்த கை அகலத்துக்கு, மாடு அவனுடையது என்று இரும்பைக் காய்ச்சிப் போட்ட சூட்டுக்குறி.

"யாருன்னு தெரியுதா? நம்ம பிஷப்பு."

பிஷப்பைத் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. இலையுதிர்காலத்தில் ஹாக்ஸியின் மந்தை ரயிலடிக்குப் போகும்போது முன்னால் நடக்கும் எருது அது. ஐந்நூறு மாடும் அதன் வாலைப் பார்த்தே வரும். அத்தனையும் ரயிலேறும், அது மட்டும் திரும்பி நடந்து வீடு போய்ச் சேரும். அந்த வருடம் வசந்தத்தில் ஓடைக்கரையில் காலை முறித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் சுட்டுவிட்டார்கள்.

"நம்ம மாட்டுக்காரங்க சங்கத்து மண்டபத்துக்கு என் அன்பளிப்பு," என்றான் ஹாக்ஸி. "டிசம்பர் விருந்துல திறக்கணும். படம் என்னன்னா, பிஷப்புக்குச் சூடு போடற காட்சி. கயிறு, நெருப்பு, புழுதி, குதிரை எல்லாம் வேணும். நம்ம பசங்க எல்லாரும் அதுல இருக்கணும், அச்சு அசலா அவனவன் மூஞ்சி. சூட்டுக்கோலு என் கையில. ஆனா இதைக் கேட்டுக்கோ. சூட்டை நீ செதுக்கக் கூடாது. அதான் தோல்லயே நிஜமா இருக்கே! அதைச் சுத்தித்தான் மாடு வரணும். எப்படி என் யோசனை?"

"மாட்டுக்குச் சூடு பெரிசாத் தெரியும்," என்றேன். எட்டு வருடத்தில் அவனுக்கு நான் சொன்ன முதல் வாக்கியம் அது.

"தெரியட்டுமே. என் சூடு தானே!"

அவனுக்கு எல்லாம் பெரிசாகத்தான் தெரிய வேண்டும். போய்விட்டான். நீல்ஸ் என் முகத்தைப் பார்க்காமல், "முடியாதுன்னா சொல்லிடும்மா. நான் வேற ஆளப் பாக்குறேன்," என்றார். இருநூறு மைல் சுற்றுவட்டாரத்தில் தோலில் முகம் செதுக்க வேறு ஆள் இல்லை என்று இருவருக்கும் தெரியும். பூவும் கொடியும் எவனும் செதுக்குவான். மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே இருக்கிற அந்தச் சரிவைத் தோலில் இறக்க வேறு கை வேண்டும். செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கடைக்கு வந்த வேலை, நான் சம்பளக்காரி.

ஹாக்ஸிக்கும் எனக்கும் என்ன என்று கேட்டால், என் புருஷன் ஓரின்.

எங்களுடையது சின்னப் பண்ணை, ஹாக்ஸியின் வேலிக்கு அடுத்தது. எங்கள் சூடு அரைநிலா. கீழே ஒரு நேர்க்கோடு, அதன்மேல் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வளைவு, அவ்வளவுதான். நாற்பத்தொன்பது ஜனவரியில் மூன்று நாள் பனிப்புயல் அடித்தது. மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டே போய்விட்டன. பனி கரைந்தபின் எங்கள் மாடுகளில் உயிரோடு நின்றதையும் செத்துக் கிடந்ததையும் சேர்த்து எண்ணினாலும் நாற்பது குறைந்தது. செத்திருந்தால் எலும்பாவது கிடைக்க வேண்டும். ஓரின் வேலியோரமாகக் குதிரையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வில்டா, நம்ம மாடு சிலது அவன் மந்தையில நிக்குது. முகத்தைப் பாத்தா எனக்குத் தெரியாதா?" என்றார். முகம் தெரிந்து என்ன செய்ய. இடுப்பில் ஹாக்ஸியின் சூடு இருந்தது.

மாடு வளர்ப்போர் சங்கத்தில் எழுந்து நின்று சொன்னார். சூட்டுக்குறி இன்ஸ்பெக்டர் எம்மெட் ரஸ்க் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் வேலையே மாட்டின் சூட்டைப் படித்து எது யாருடையது என்று சொல்வது. ஒரு மாட்டைக் கயிறு போட்டுப் பிடித்து, மயிரை மழித்துப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. "டெல்பர்ட் சொல்லே எனக்குப் போதும்," என்றார். ஹாக்ஸி சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். ஓரின் குடித்துவிட்டு மாடுகளை நெப்ராஸ்கா பக்கம் விற்றுத் தின்றிருப்பார் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னான். ஓரின் ஞாயிற்றுக்கிழமை பீர்கூடக் குடிக்காத மனிதர்.

அதன் பிறகு மே மாதம் வந்தது. எங்கள் பக்கத்தில் மே என்றால் கன்றுகளுக்குச் சூடு போடும் மாதம். இன்று என் பண்ணை, நாளை உன் பண்ணை என்று எல்லாரும் எல்லார் பண்ணைக்கும் போவார்கள். அதற்குக் கூலி கிடையாது, சாப்பாடுதான். கூப்பிடுவது என்பது டெலிபோனில் இரண்டே வார்த்தை: "வெள்ளிக்கிழமை வா." ஓரின் தன் கயிற்றுக்கு எண்ணெய் பூசி மடியில் வைத்துக்கொண்டு டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவில்லை. மறு வருடமும் அடிக்கவில்லை. எங்கள் கன்றுகளுக்கு நாங்கள் இரண்டு பேருமே சூடு போட்டோம், நான் காலைப் பிடிக்க, அவர் கோலைப் பிடிக்க. எங்கள் ஊரில் ஒருவனை உயிரோடு புதைப்பது இப்படித்தான்.

ஐம்பத்தொன்று பிப்ரவரியில் தீவன வண்டியோடு தனியாகப் போனவர் ஓடைமேல் உறைந்த பனி உடைந்து தண்ணீருக்குள் போனார். குளிர்காலத்தில் அந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். பக்கத்துப் பண்ணையில் நாலு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் நான்தான் கண்டுபிடித்தேன். பண்ணையை விற்றுவிட்டேன். வாங்கியவன் யார் என்று சொல்லவும் வேண்டுமா? சூட்டை மட்டும் விற்கவில்லை. ஒரு மாடும் இல்லாதவளுக்குச் சூடு எதற்கு என்று பதிவு அலுவலகத்தில் கேட்டார்கள். என் இஷ்டம் என்று சொல்லிப் புதுப்பித்து வைத்தேன்.

மறுநாள் அந்தத் தோலை நனைத்தேன்.

செதுக்குவதற்கு முன் தோலை நனைத்துப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பஞ்சால் தண்ணீரை ஒற்றி ஒற்றி முழுத் தோலையும் நனைத்துவிட்டு, நிறம் மெல்ல வெளுத்துத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். ஈரமும் இல்லாமல் காய்ச்சலும் இல்லாமல், கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரிய வேண்டும். அதுதான் பதம். நனைத்த தோல் எதையும் மறைக்காது. முள்வேலி கிழித்தது, உண்ணி கடித்தது, மாடு பிறந்ததிலிருந்து பட்டதெல்லாம் மேலே வரும். தழும்பு தண்ணீர் குடிக்காது. சுற்றிலும் கறுக்கும்போது அது மட்டும் வெளுப்பாக நிற்கும்.

ஹாக்ஸியின் சூடு சக்கரம். முழு வட்டம், நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

தண்ணீர் இறங்க இறங்க அந்தச் சக்கரம் என் கண் முன்னே இரண்டாகப் பிரிந்தது. மேல் வளைவும் குறுக்குக் கோடும் என் கட்டைவிரல் அகலம், விளிம்பு மழுங்கி, வழவழவென்று. கீழ் வளைவு பென்சில் தடிமன்கூட இல்லை. கோட்டின் இடது முனையில் அது சரியாகச் சேராமல் கொஞ்சம் தள்ளி நின்றது.

இதை எங்கள் ஊர்ப் பள்ளிப்பிள்ளையும் படிக்கும். இரண்டு மாதக் கன்றுக்குப் போட்ட சூடு, மாடு வளர வளரத் தானும் வளர்ந்து அகலும். வளர்ந்தபின் போட்டது போட்டபடி ஒல்லியாக நிற்கும். மேல் பாதி கன்றுக்குப் போட்டது. அது அரைநிலா. கீழ்ப் பாதி பிறகு ஒட்டவைத்தது.

நாற்பத்தாறோ நாற்பத்தேழோ, ஒரு மே மாதம் எங்கள் பண்ணையில் போட்ட சூடு அது. ஓரின் கோலைப் பிடிக்க, யார் யாரோ காலைப் பிடிக்க, நான் அடுப்படியில் முப்பது பேருக்கு பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தேன். ஈரத்தோலின்மேல் கையை வைத்தேன். கடைக்குப் பின்னால் போய் நின்றேன். பிறகு சிரித்தேன். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை நான் எந்தப் பாதிரியாரிடமும் சொன்னதில்லை.

ஹாக்ஸி எப்படி இதைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டான் என்று பிறகு பலர் கேட்டார்கள். மறந்துவிட்டான், வேறென்ன. நாற்பது மாட்டில் எது எது என்று நினைவு வைக்க அவன் என்ன கணக்குப்பிள்ளையா? தன் சூடு இருப்பதெல்லாம் பிறந்ததிலிருந்தே தன்னுடையது என்று எட்டு வருடத்தில் அவனே நம்பிவிட்டான். காய்ந்த தோலில் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஈரத்தில் பார்ப்பவள் நான் ஒருத்திதான்.

நீல்ஸிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஷெரீப் கிட்ட போ பொண்ணே. இன்னைக்கே போ. கோர்ட்டுக் கேஸ் இது."

"போனா?"

"விசாரிப்பாங்க."

"யாரு விசாரிப்பாங்க? எம்மெட்தானே? அவரு ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருட்டுல தோலப் பாப்பாரு. டெல்பர்ட் ஒரு வக்கீல வைப்பான். பழசுன்னு சொல்லுவாங்க, எவனோ வேலைக்காரன் பண்ணிட்டான்னு சொல்லுவாங்க. பேப்பர்ல கடைசிப் பக்கத்துல நாலு வரி வரும். எனக்கு நாலு வரி வேணாம், நீல்ஸ். ஓரினைப் பாத்துச் சிரிச்ச அத்தனை பேரும் ஒரே நேரத்துல இதைப் படிக்கணும். அவன் மூஞ்சியும் அதுல இருக்கணும், அவனுங்க மூஞ்சியும் இருக்கணும்."

"பழி வாங்கினா தூக்கம் வரும்னு நெனைக்கிறியா?"

"எட்டு வருஷமா பழி வாங்காமத்தான் இருந்தேன். ஒரு நாளாச்சும் நல்லாத் தூங்கினேனா?"

அவர் எழுந்து முன்கட்டுக்குப் போனார். அன்றிலிருந்து என் மேசைப் பக்கம் வாடிக்கையாளர் யாரையும் விடாமல் பார்த்துக்கொண்டார். முதுகு வளையும் என்றேனே, அந்த முதுகாலேயே வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

தோல் இழுபடாமல் இருக்கப் பலகையில் ஒட்டினேன். பிறகு ஆட்கள் முகம் காட்ட வந்தார்கள். ஹாக்ஸி சொல்லி அனுப்பியிருந்தான். கூப்பிடாமலே வந்திருப்பார்கள். சங்கத்து மண்டபத்துச் சுவரில் காலாகாலத்துக்கும் தொங்கப்போகிற படத்தில் தன் மூஞ்சி வேண்டாம் என்று எவன் சொல்வான்? ஒருவன் முடிவெட்டிக்கொண்டு வந்தான். ஒருவன் அவன் அப்பாவுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தான். ஆர்வில் டென்ச் மூன்று தடவை வந்தான்.

"வில்டா, தொப்பையைக் கொஞ்சம் கம்மி பண்ணிடேன்."

"தொப்பையைக் கம்மி பண்ணா நீதான்னு எவனுக்குத் தெரியும்?"

"சரி, முன்பல்லு ரெண்டையாவது போட்டுக் குடு. வாயைத் தொறந்து சிரிக்கிற மாதிரி வேணும் எனக்கு."

"சிரிக்கிற மாதிரியே போடறேன் ஆர்வில். உன் சிரிப்பு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அந்த மனிதன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். நெப்ராஸ்காவில் விற்றுத் தின்றிருப்பான் என்று அன்றைக்குப் பின்னாலிருந்து சொன்ன குரல் அவனுடையதுதான். அவனுக்கு மாட்டின் வாலைப் பிடிக்கக் கொடுத்தேன்.

எம்மெட் ரஸ்க் கடைசியாக வந்தார். வயதாகிவிட்டது, தாடை தொங்கிவிட்டது. நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, "என்னை எங்க நிறுத்தப்போற?" என்றார்.

"மாட்டுக்குப் பக்கத்துலயே. கையில உங்க நோட்டுப் புத்தகத்தோட. சூட்டைப் பாத்துக்கிட்டே நிப்பீங்க."

"அது சரிதான். என் வேலையே அதானே," என்றார். நான் பென்சிலைக் கூர்செய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

பத்து வாரம். அதுபோல ஒரு வேலை நான் முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. வெறுப்பு இவ்வளவு பொறுமையைக் கொடுக்கும் என்று எனக்கே தெரியாது. விரல்நுனியில் திரும்பும் சுழல்கத்தியைத் தோல்வாரில் தீட்டித் தீட்டி, ஒவ்வொரு கோட்டையும் ஒரே மூச்சில் இழுத்தேன். கோட்டின் ஒரு பக்கத்தை அச்சுமுனையால் தட்டித் தட்டித் தாழ்த்தினால் மறுபக்கம் எழுந்து நிற்கும். அப்படித்தான் கன்னமும் மூக்கும் குதிரையின் தோளும் தோலிலிருந்து வெளியே வரும். கயிற்றின் முறுக்கைத் தட்டினேன். நெருப்பின் புகையைத் தட்டினேன். மாட்டின் கண்ணில் வெள்ளை தெரியும்படி வைத்தேன், பயந்த மாட்டுக்கு அப்படித்தான் தெரியும். எல்லாக் கயிறும், எல்லாக் கையும், எல்லாக் கண்ணும் அந்த இடுப்பை நோக்கியே போகும்படி அமைத்தேன். ஹாக்ஸியின் கையிலிருக்கும் சூட்டுக்கோலின் முனை அந்தச் சூட்டின் கீழ் வளைவுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

சூட்டை மட்டும் தொடவில்லை. அதைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்குக் கத்தியோ அச்சோ படவே விடவில்லை. ஒரு கீறல் பட்டாலும் வில்டா செய்த வேலை என்று சொல்லிவிடுவார்கள்.

ஹாக்ஸி இடையில் நாலு முறை வந்தான். அவன் வண்டிச் சத்தம் கேட்டதுமே சூட்டின்மேல் ஈரத்துணியை விரித்துவிடுவேன்.

"இது ஏன் மூடியிருக்கு?"

"பதம் போயிடும். காத்துப் பட்டா தோல் வெறைச்சிடும்."

"அதுல நீ ஒண்ணும் செதுக்கலயே?"

"நீங்கதானே தொடாதேன்னு சொன்னீங்க. தொடல."

தன் முகத்தைப் பார்த்தான். இளமையாகவே போட்டிருந்தேன், அவன் ஆசைப்பட்டதைவிட இரண்டு மடங்கு அழகாக. வேறு எதையும் அவன் பார்க்கவில்லை. போகும்போது என் தோளில் தட்டி, "பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத நல்ல மனுஷி நீ," என்றான். அந்தச் சட்டையைக் கழற்றித் துவைத்தேன்.

விருந்துக்கு முந்தைய ஞாயிறு சாயம் ஏற்றினேன். கருஞ்சிவப்புப் பசையை முழுப் படத்திலும் பூசித் துடைத்தால் பள்ளத்தில் எல்லாம் நிறம் தங்கும், மேட்டில் வெளிச்சம் நிற்கும். தழும்பு எதையும் குடிக்கவில்லை. அரைநிலா அகலமாக, வெள்ளையாக, அதன் அடியில் ஒரு நூல் வளைவு தொங்க, படத்தின் நடுவில் வந்து நின்றது. இப்போது நனைக்க வேண்டிய அவசியமே இல்லை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை, மதிய விருந்து. சங்கத்து மண்டபத்தில் தெற்குப் பக்கம் முழுக்க ஜன்னல். பனிமேல் பட்ட வெயில் உள்ளே வந்து சுவரில் விழுந்துகொண்டிருந்தது. படத்தைக் கம்பளியால் மூடிச் சுவரில் மாட்டியிருந்தோம். அறுபது பேர், மனைவிமார்களோடு. என்னையும் முன்மேசையில் உட்காரவைத்தார்கள், செதுக்கியவள் என்ற மரியாதைக்கு. எட்டு வருடத்தில் அந்த மண்டபத்துக்குள் நான் கால் வைப்பது அன்றுதான்.

ஹாக்ஸி எழுந்து பேசினான். பிஷப் எப்பேர்ப்பட்ட மாடு, எத்தனை குளிர்காலம் பார்த்தது என்றெல்லாம். "அந்தச் சூடு," என்று குரலை உயர்த்தினான், "வேலைக்காரன் போட்டது இல்ல. நானே என் கையால போட்டது. இன்னைக்கும் அந்தப் புகை மூக்குல நிக்குது!" எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த வாக்கியத்தை அவனுக்கு நான் எழுதிக்கொடுக்கவில்லை, அவனாகவே கொடுத்தான்.

கம்பளி இறங்கியது.

முதலில் எல்லாரும் தங்கள் முகத்தைத்தான் தேடினார்கள். "டேய், அங்க பாரு நீ!" "ஆர்விலுக்குப் பல்லு முளைச்சிருக்குடா!" "உன் மூக்கு நிஜத்துல இன்னும் பெரிசு!" ஒரே சிரிப்பு. கூட்டமாகச் சுவருக்கு முன்னால் வந்து நின்றார்கள். முகத்தைக் கண்டுபிடித்தவன் தன் கையைப் பார்த்தான், கையிலிருந்து கயிற்றைப் பார்த்தான். கயிறு எங்கே போகிறதோ அங்கே போய்க் கண் நின்றது. முன்னால் நின்றவர்களின் சிரிப்பு முதலில் அடங்கியது. பிறகு அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களுடையது. கடைசியில் ஆர்வில் ஒருவன்தான் படத்தில் முளைத்த தன் பல்லைச் சுட்டிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். யாரோ அவன் விலாவில் இடித்தார்கள்.

எம்மெட் ரஸ்க் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மூக்கு தோலில் படும் அளவுக்குக் குனிந்தார். கட்டைவிரலை மேல் வளைவின்மேல் வைத்து மெதுவாகத் தடவினார். குறுக்குக் கோட்டைத் தடவினார். கீழ் வளைவில் நகத்தை ஓட்டினார், அது சேராமல் விட்ட இடம்வரை. அதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நாற்பத்தொன்பதில் அவர் செலவழிக்க மறுத்த அதே ஒரு நிமிடம்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றான் ஹாக்ஸி. கிட்டே வந்தான், பார்த்தான். அவன் முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோனதை நான் கண்ணாரப் பார்த்தேன். "இது... இவ செதுக்கினது! தொடாதேன்னு சொன்னேன், தொட்டுட்டா! இவ பண்ண வேலை இது!"

"கத்தியே படல டெல்பர்ட்," என்றார் எம்மெட், திரும்பாமலே. "இது நெருப்பு. மேல இருக்கறது கன்னுக்குப் போட்டது. கீழ இருக்கறது வளர்ந்ததுக்கு அப்புறம். நீயே உன் கையால போட்டேன்னு இப்பத்தான சொன்ன."

"மேல என்ன இருக்கு எம்மெட்?" என்று கேட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன். "சத்தமாப் படிங்க. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கணும்."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"அரைநிலா."

"யாரோடது?"

"ஓரினோடது."

அந்தப் பெயர் அந்த மண்டபத்தில் எட்டு வருடத்துக்குப் பிறகு கேட்டது. அழுகை வந்தது, ஆனால் இவர்கள் முன்னால் அழுவதா என்று விழுங்கிவிட்டேன்.

ஹாக்ஸி பலகையைச் சுவரிலிருந்து பிடுங்கக் கையை நீட்டினான். நான் எழுந்தேன்.

"தொடாத. அது என் மாடு."

"என்னது?"

"அரைநிலா இன்னும் என் பேர்ல இருக்கு. போன வருஷமும் புதுப்பிச்சேன். அரைநிலா இருக்கற தோல் எனக்குச் சொந்தம். சட்டம் தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் இங்கதான் இருக்காரு, கேட்டுக்கோ. நீ கொடுத்த அன்பளிப்பு இல்ல இது. நான் கொடுக்கறேன், இந்தச் சங்கத்துக்கு. இங்கயே தொங்கும்."

அவன் எம்மெட்டைப் பார்த்தான். எம்மெட் தரையைப் பார்த்தார். ஆர்விலைப் பார்த்தான். ஆர்வில் ஜன்னலைப் பார்த்தான். ஹாக்ஸியின் மனைவி ஏற்கெனவே கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் அறுபது பேருக்கு நடுவே நடந்து வெளியே போனான். அன்றைக்கு யாரும் பார்க்காததுபோல நடந்தான், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தும். திங்கட்கிழமை ஷெரீப் அவன் வீட்டுக்குப் போனதும் மற்றதும் எனக்கு முக்கியமில்லை. எனக்கு வேண்டியது அந்த நடை. ஒவ்வொரு அடியையும் பார்த்தேன். திகட்டவே இல்லை.

பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. படம் அங்கேயே இருக்கப்போகிறது. ஹாக்ஸி திருடும்போது யார் யார் கயிறு பிடித்தார்கள், யார் வாலைப் பிடித்தார்கள், யார் நோட்டுப் புத்தகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று அவர்கள் பேரப்பிள்ளைகளும் வந்து பார்ப்பார்கள். ஆர்வில் என் மேசைக்கு வந்தான். பல்லில்லாத வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினான்.

"வில்டா, நான் அன்னைக்கு அங்க இல்லவே இல்ல. சூடு போட்டப்ப நான் இல்ல. என் மூஞ்சியை மட்டும் அதுலருந்து எடுத்துட முடியாதா?"

"நீதானே மூணு தடவ வந்து கேட்ட, போடு போடுன்னு."

"தப்புதான்..."

"முடியாது ஆர்வில். தோல்ல கத்தி இறங்கினா இறங்கினதுதான்."

அவன் போனான். வேறு சிலர் வந்தார்கள். மன்னித்துவிடு என்றார்கள், தெரியாது என்றார்கள், கையை நீட்டினார்கள். நான் யார் கையையும் பிடிக்கவில்லை. என் தட்டில் இருந்த இறைச்சியைக் கத்தியால் நறுக்கி, ஒவ்வொரு துண்டாகச் சாப்பிட்டேன். நன்றாக வெந்திருந்தது.

கடைசியாக எம்மெட் வந்து எதிரில் உட்கார்ந்தார். பிறகு சுவரைப் பார்த்து, ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தவிக்கிற மனிதர்போல, மெதுவாகச் சொன்னார்:

"அந்த இடது பக்கம், வேலியோரமா, எடம் சும்மா கெடக்கு வில்டா. ஓரின் முகத்தையும் போட்டிருக்கலாம். எல்லாரும் இருக்காங்க, அவன் மட்டும் இல்ல."

"அவரை நீங்க யாரும் கூப்பிடலையே," என்றேன்.

அவர் எழுந்து போய்த் தன் மேசையில் உட்கார்ந்துகொண்டார். நான் இன்னொரு துண்டு இறைச்சி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.